120 அங்குலத் திரையை விட்டு 98 அங்குல டிவிக்கு மாறலாமா?

உங்கள் கேள்வி வேறு பல வீடுகளுக்கும் பொருந்தும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் சொந்த வீடு. ஹாலில் 120 அங்குலச் சுருள்திரை, 2018இல் வாங்கிய லேம்ப் வகை ஃபுல் எச்டி ப்ரொஜெக்டர். பெட்டியில் 3,000 லூமென் (ப்ரொஜெக்டர் வீசும் மொத்த ஒளியின் அளவு) என்று போட்டிருந்தது. சோஃபா திரையிலிருந்து 4 மீட்டர் தள்ளி, பால்கனிக் கதவுக்கு முன்னால் கிடக்கிறது. இரவில் சினிமா, பகலில் கிரிக்கெட், இடையில் பிள்ளைகளின் வீடியோ கேம். இப்போது படம் வெளுத்துத் தெரிகிறது. புது லேம்ப் வாங்குவதா, மேலும் பணம் போட்டு 98 அங்குல டிவிக்கே மாறிவிடுவதா, மாறினால் படம் சிறுத்துவிட்டதே என்ற வருத்தம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டு அமைப்புக்கு டிவிதான் சரி என்பது என் முடிவு. வீட்டுத் திரையரங்குகளை அமைத்துத் தரும் வேலையில் இருப்பதால், இப்படி மாறிய குடும்பங்கள் பலவற்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மாறிய பிறகு வருந்தியவர்களில் பெரும்பாலோருக்கு வருத்தம் வந்தது இரண்டு காரணங்களால்தான்: சோஃபாவைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள், அல்லது அங்குலத்தை மட்டும் பார்த்து, பின்னொளியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியே இல்லாத டிவியை வாங்கிவிட்டார்கள். இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டால் 120 அங்குலத்தின் ஏக்கம் உங்களுக்கு அதிகம் இருக்காது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் படம் வெளுத்துத் தெரிவதன் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லேம்ப் பழசாகிவிட்டது என்பது பாதி உண்மைதான். 3,000 லூமென் என்பது பச்சை தூக்கலாகத் தெரியும் மிகப் பிரகாசமான மோடில் கிடைக்கும் அளவு. நிறங்கள் சரியாக இருக்கும் சினிமா மோடில் அதில் ஏறத்தாழ பாதியோ சற்றுக் கூடுதலோதான் வரும். லேம்பின் ஆயுள் என்று குறிப்பிடப்படும் மணிநேரம், ஒளி பாதியாகக் குறையும் வரைக்குமான காலம். ஆகவே உங்கள் லேம்ப் ஆயுளின் முடிவை நெருங்கியிருந்தால் இன்று திரைக்கு வந்து சேர்வது 900 லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். 120 அங்குலத் திரையின் பரப்பு கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர். சாதாரண வெள்ளைத் திரையில் இந்த ஒளி பரவும்போது வெண்மையின் ஒளிர்வு சுமார் 72 நிட் (திரைப் பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு). திரையரங்குகளுக்கு விதிக்கப்பட்டுள்ள தர அளவே 48 நிட்தான். அதாவது முழு இருட்டில் உங்கள் பழைய லேம்ப்கூடத் திரையரங்கைவிடப் பிரகாசமான படத்தைத் தந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் படம் சோகையாகத் தெரிகிறதென்றால் குறை வெண்மையில் இல்லை, கருமையில் இருக்கிறது.

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடம் எப்படி இருக்கிறதோ அதுதான் அங்கே கறுப்பு. இதை இன்றைக்கே பார்க்கலாம். மாலையில் நீங்கள் படம் பார்க்கும் நேரத்தில், வழக்கமாக எரியும் விளக்குகளை எரியவிட்டு, திரையை இறக்கி, ப்ரொஜெக்டரைப் போடாமல் சோஃபாவில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சாம்பல் நிறத்தைவிடக் கறுப்பான எதையும் அந்தத் திரை அன்றிரவு காட்டப்போவதில்லை. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகும் திரைமேல் 50 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளி விழுமானால், கறுப்பு என்று நீங்கள் பார்ப்பது 16 நிட் சாம்பல். அப்போது படத்தின் மிகப் பிரகாசமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள வேறுபாடு ஐந்தரை மடங்குதான். புது லேம்ப் போட்டு ஒளியை இரட்டிப்பாக்கினாலும் இது பத்து மடங்கு ஆகும், அவ்வளவே. இரவில் சுவரோரம் ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்தால் நிலைமை பரவாயில்லை. ஆனால் அப்போதும் வெள்ளைச் சுவரும், வெள்ளை மேற்கூரையும், கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் தரையும், திரையிலிருந்து கிளம்பும் ஒளியையே வாங்கித் திரைக்குத் திருப்பி அனுப்பும். பளிச்சென்ற பாடல் காட்சியில் இது தெரியாது. பாதி வெளிச்சமும் பாதி இருளுமான காட்சியில்தான் இருள் வெளுத்து நிற்பது தெரியும்.

டிவியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அதன் திரை கருமையானது; தன்மேல் விழும் ஒளியில் சிறு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும். அதை இரண்டு விழுக்காடு என்று கொண்டால், அதே 50 லக்ஸ் வெளிச்சத்தில் சூழலால் அதன் கறுப்பில் கூடுவது 0.3 நிட்தான். வெண்மையோ 300 நிட்டுக்குக் குறையாமல் இருக்கும். பகல் கிரிக்கெட்டுக்காக ஜன்னல்களை அடைத்து, நண்பகலில் வீட்டை இருட்டாக்கி உட்காரும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பதே இந்த மாற்றத்தில் வீட்டிலுள்ள எல்லோரும் முதலில் உணரும் நிம்மதி.

ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் ஹெச்டிஆர் வடிவப் படங்களில் வேறுபாடு இன்னும் பெரிது. அந்த வடிவத்தில் வரும் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது 4,000 நிட் காட்டும் திரையில் வைத்து நிறம் திருத்தியிருப்பார்கள். உங்கள் ப்ரொஜெக்டர் அதையெல்லாம் தன் 72 நிட்டுக்குள் அமுக்கியாக வேண்டும். இருண்ட கருவறையில் ஒற்றை அகல்விளக்கு எரியும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கலந்த ஹாலில் ப்ரொஜெக்டர் காட்டும்போது சுடர் வெளிர்மஞ்சள் புள்ளியாகவும், கருங்கல் சுவர் புகை படிந்த சாம்பலாகவும் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லின் மினுமினுப்பு காணாமற்போகும். நல்ல டிவியில் சுடரின் அடிப்பகுதியில் உள்ள நீலமும் நுனியின் வெண்மையும் தனித்தனியாகத் தெரியும், கல்லும் கல்லாகவே இருக்கும். ஒளிப்பதிவாளர் எதற்காக அந்த விளக்கை அங்கே வைத்தார் என்பது அப்போதுதான் விளங்கும்.

இனி நீங்கள் அதிகம் கவலைப்படும் அளவுக்கு வருகிறேன். 120 அங்குலத் திரையின் அகலம் 266 செ.மீ., உயரம் 149 செ.மீ. 98 அங்குல டிவியின் அகலம் 217 செ.மீ., உயரம் 122 செ.மீ. பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. 85 அங்குலமானால் சரியாகப் பாதி. இதைக் கேட்டவுடன் மனம் பின்வாங்குவது இயல்பு. ஆனால் கண்ணுக்கு அங்குலம் தெரியாது. படம் கண்முன் எவ்வளவு கோணத்தை நிரப்புகிறது என்பதுதான் தெரியும். இப்போது நீங்கள் 4 மீட்டரில் உட்கார்ந்து பார்க்கும்போது உங்கள் திரை சுமார் 37 பாகைக் கோணத்தை நிரப்புகிறது. 98 அங்குல டிவியில் அதே கோணம் வேண்டுமானால் நீங்கள் உட்கார வேண்டிய தொலைவு 3.27 மீட்டர். சோஃபாவை முக்கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவாக முன்னே நகர்த்தினால் போதும்; படம் பழைய அளவிலேயே தெரியும். அருகே போனால் புள்ளிகள் தெரியுமே என்ற அச்சம் வேண்டாம். 98 அங்குல 4கே திரையில் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், நல்ல கண்பார்வை உள்ளவர்கூட 2 மீட்டருக்குள் நெருங்க வேண்டும். உங்கள் ஃபுல் எச்டி ப்ரொஜெக்டரோ அதே பரப்பில் நான்கில் ஒரு பங்கு புள்ளிகளைத்தான் காட்டுகிறது. நீங்கள் 4 மீட்டரில் உட்காரப் பழகியதற்கே அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சொல்வதற்கு எளிதான இந்த நகர்வுக்குத்தான் வீடுகளில் அதிக எதிர்ப்பு வருகிறது. சோஃபா சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். முன்னே தள்ளினால் ஹாலின் நடுவில் நிற்பதுபோல் இருக்கிறது, பெருக்கித் துடைக்க வசதியில்லை என்பார்கள். உங்கள் வீட்டில் சோஃபாவுக்குப் பின்னால் பால்கனிக் கதவு இருப்பதால், அது முன்னே நகர்ந்தால் பால்கனிக்குப் போகத் தாராளமான வழி கிடைக்கும் என்று சொல்லிப் பார்க்கலாம், அது உண்மையும்கூட. எதுவானாலும் டிவி வாங்கும் முன்பே இதை முடிவுசெய்துவிடுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 217க்கு 122 செ.மீ. அளவில் ஒரு தாள்திரை செய்து, டிவி வரப்போகும் உயரத்தில் சுவரில் ஒட்டி, சோஃபாவை 3.25 மீட்டருக்கு நகர்த்தி, குடும்பத்தோடு ஒரு வாரம் அப்படியே இருந்து பாருங்கள். வாரக் கடைசியில் சோஃபா பின்னோக்கிப் போயிருந்தால் உங்கள் வீட்டுக்கு 98 அங்குலம் சிறியதாகத்தான் தெரியும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வீர்கள்.

தாள் ஒட்டிய அந்த வாரத்திலேயே இன்னொரு சோதனையையும் செய்துவிட வேண்டும். ப்ரொஜெக்டர் திரை பளபளப்பில்லாத பரப்பு உடையது. எதிரே ஜன்னல் இருந்தால் படம் வெளுக்குமே தவிர ஜன்னல் திரையில் தெரியாது. டிவி அப்படியன்று. உங்கள் சோஃபாவுக்குப் பின்னால் பால்கனிக் கதவு இருக்கிறது. பகலில் அந்தக் கதவும், கம்பிக்கொடியில் காயும் துணியும், மேலே எரியும் ட்யூப்லைட்டும் இருண்ட காட்சிகளில் டிவித் திரையில் நிழலாடும். வீட்டில் இருக்கும் ஒரு கண்ணாடியை, டிவி வரும் இடத்தில் வெவ்வேறு புள்ளிகளில் பிடிக்கச்சொல்லி, நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் தெரிவதெல்லாம் டிவியிலும் மங்கலாகத் தெரியும். பால்கனிக் கதவுக்கு மட்டும் நல்ல கனமான திரைச்சீலை போதும். வீடு முழுவதையும் இருட்டாக்க வேண்டியதில்லை. விளக்கைத் திரைக்கு எதிர்ச்சுவரில் வைக்காமல், டிவி இருக்கும் சுவரிலோ பக்கச்சுவரிலோ மாற்றிக்கொள்வது நல்லது.

எந்த டிவி என்ற கேள்வியில் ஒரு நிபந்தனையைத் தளர்த்தவே கூடாது என்பேன்: லோக்கல் டிம்மிங் எனப்படும், பின்னொளியைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்தும் வசதி இருக்க வேண்டும். 98 அங்குலத்தில் விலை குறைவாகக் கிடைக்கும் டிவிகள் சிலவற்றில் இது இருக்காது. பின்னொளி முழுத் திரைக்கும் ஒரே அளவில் எரியும். அவற்றில் இரவில் விளக்கணைத்துப் படம் பார்த்தால், அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் வரும் பட்டைகள் சாம்பலாக ஒளிரும். ப்ரொஜெக்டரில் எதை விட்டு ஓடிவந்தீர்களோ அதே குறையைப் பெரும் பணம் கொடுத்து மீண்டும் வாங்கியதாகிவிடும். நம் படங்களில் பெரும்பாலானவை 2.39க்கு 1 என்ற அகலத்திரை விகிதத்தில் வருபவை என்பதையும் நினைவில் வையுங்கள். 98 அங்குல டிவியின் 122 செ.மீ. உயரத்தில் அப்படங்கள் 91 செ.மீ.யைத்தான் பயன்படுத்தும், மீதி மேலே பதினைந்தரை செ.மீ., கீழே பதினைந்தரை செ.மீ. அளவுக்குப் பட்டைகளாகவே இருக்கும். அந்தப் பட்டைகள் கறுப்பாக இருப்பதும் இல்லாததும் படம் பார்க்கும் அனுபவத்தையே மாற்றிவிடும்.

டிம்மிங் பகுதிகளின் எண்ணிக்கையைத் திரையின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 பகுதிகள் என்பது காதுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் 98 அங்குலத் திரையில் ஒவ்வொரு பகுதியும் ஏழு செ.மீ.க்கு மேல் நீள அகலம் கொண்ட சதுரமாகிவிடும். இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வந்தால் அதைச் சுற்றி அந்த அளவுக்கு ஒளி கசியும். 2,000 பகுதிகள் இருந்தால் சதுரம் மூன்றரை செ.மீ. அளவுக்குச் சுருங்கும், கசிவு அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. மினி எல்இடி (மிகச் சிறிய எல்இடிகளாலான பின்னொளி) என்ற பெயர் மட்டும் இதற்கு உத்தரவாதம் தராது. பகுதிகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பணம் போதாவிட்டால், டிம்மிங் இல்லாத 98ஐவிட நல்ல டிம்மிங் உள்ள 85ஐ எடுங்கள். 3.25 மீட்டரில் 85 அங்குலமும் 32 பாகைக் கோணத்தைத் தரும். திரைப்படத் தொழில்நுட்பத் துறையினர் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கும் 30 பாகையைவிட அது கூடுதல்தான். அதே தரத்தில் 98 உங்கள் கைக்கு எட்டுமானால் தயங்காமல் பெரியதையே வாங்குங்கள். ப்ரொஜெக்டர் வீட்டிலிருந்து வருபவர்களுக்கு டிவி பெரிதாகப் போய்விட்டது என்ற குறை வந்து நான் பார்த்ததில்லை.

ஓஎல்இடி பற்றியும் ஒரு வார்த்தை. கருமை என்று வந்துவிட்டால் அதற்கு ஈடில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. ஆனால் எட்டும் விலையில் அது 83 அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. 97 அங்குலத்தின் விலை வேறு உலகம். அதோடு, நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடும் ஹால்களில், திரையின் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்து அழியாத தடம் பதிக்கக்கூடும். பெரியவர்கள் வீட்டிலிருந்து டிவி பார்க்கும் குடும்பத்துக்கு நான் ஓஎல்இடியைப் பரிந்துரைப்பதில்லை. இரவில் படம் மட்டுமே பார்ப்பவர்களுக்கு 83 அங்குல ஓஎல்இடியைத் தாராளமாகச் சொல்வேன்.

பக்கவாட்டில் உட்காருவோரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ப்ரொஜெக்டர் திரையை ஹாலின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பின்னொளியோடு இயங்கும் எல்சிடி வகை டிவிகளில், நல்ல கருமையைத் தரும் விஏ வகைப் பேனல்கள் பக்கவாட்டில் நகர நகர வெளுக்கும். இந்த அளவு பெரிய திரையில் அது உட்காரும் இடத்தை மட்டும் பொறுத்ததன்று. 3.25 மீட்டரில், நடுவிலிருந்து ஒரு மீட்டர் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தவர், திரையின் வலக்கோடியை 33 பாகைச் சாய்வில் பார்க்கிறார். ஆகவே கடையில் டிவிக்கு நேரெதிரே நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். வீட்டில் பாட்டியோ குழந்தைகளோ வழக்கமாக உட்காரும் பக்கவாட்டு இடத்தைக் கணக்கிட்டு, அந்தக் கோணத்தில் நின்று மனித முகங்களின் நிறம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

அசைவு பற்றி எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் முதல் நாளிலேயே இதைச் சந்திப்பீர்கள். சினிமா நொடிக்கு 24 படங்கள். மங்கலான திரையில் கண் அதைச் சீராக இணைத்துக்கொள்ளும். திரை பிரகாசமாக ஆக ஆக, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் விட்டு விட்டுத் துள்ளுவது தெரியத் தொடங்கும். டிவியில் அதை மழுப்புவதற்கான அசைவுச் சீராக்கம் பெட்டியிலிருந்து வரும்போதே இயக்கப்பட்டிருப்பது வழக்கம். அதனால்தான் புது டிவியில் சினிமா சீரியல்போல் தெரிகிறது என்று பலர் சொல்கிறார்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால், படங்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். இந்த மழுப்பலையும் தேவையற்ற கூர்மையையும் அது அணைத்துவிடும். துள்ளல் மிகவும் தொந்தரவு செய்தால் சீராக்கத்தை மிகக் குறைந்த அளவில் மட்டும் வையுங்கள். கிரிக்கெட்டுக்குத் தனி மோடில் கூட்டிக்கொள்ளலாம். பந்தைத் தொடர்வது எளிதாகும். பிள்ளைகளின் கேம் மோடுக்கு விளக்கம் தேவையில்லை, உங்கள் ப்ரொஜெக்டரைவிட எல்லா வகையிலும் அது மேல்.

படத்தைவிட அதிகமாக இழக்க வாய்ப்புள்ளது ஒலியை. ப்ரொஜெக்டர் திரைக்கு அடியிலோ, ஒலி ஊடுருவும் நுண்துளைகள் உள்ள துளைத்திரையானால் அதன் பின்னாலோ, நடு ஸ்பீக்கரை வைத்திருப்பீர்கள். பேச்சு நடிகரின் வாயிலிருந்தே வருவதுபோல் இருக்கும். டிவியைச் சுவரில் உயரமாக மாட்டிவிட்டு அதன் சொந்த ஸ்பீக்கரை நம்பினால், இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான படத்திலிருந்து தகரக் குரல் வரும். டிவியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. அளவில் இருக்கட்டும், படத்தின் நடு அப்போது 120 செ.மீ. உயரத்தில் வரும், சோஃபாவில் சாய்ந்து உட்காருவோர் கழுத்தைத் தூக்க வேண்டியதில்லை. நடு ஸ்பீக்கருக்கும் அடியில் இடம் கிடைக்கும். ஸ்பீக்கர்களை இயக்கும் பழைய ஏவி ரிசீவர் 4கே ஹெச்டிஆர் சிக்னலைக் கடத்தாது என்று அதைத் தூக்கிப்போட வேண்டாம். செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாவற்றையும் நேரே டிவியில் இணைத்து, ஒலியை மட்டும் ஆர்க் (எச்டிஎம்ஐ கம்பியிலேயே டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பலாம். ஓடிடி தளங்களின் ஒலிக்கு அதுவே போதும்; புளூரே வட்டின் முழுத்தர ஒலி வேண்டுவோர்க்குத்தான் அதன் மேம்பட்ட வடிவமான ஈஆர்க் தேவை.

இப்போது டிவியை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. 98 அங்குல டிவியின் பெட்டி ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமும் 1.4 மீட்டருக்குக் குறையாத உயரமும் இருக்கும். எடை 70 கிலோவைத் தாண்டும். எட்டுப் பேர் ஏறும் குடியிருப்பு லிஃப்டின் உள்ளளவு 1.1 மீட்டருக்கு 1.4 மீட்டர் என்ற அளவில் இருப்பது வழக்கம்; அதில் இந்தப் பெட்டி நுழையாது. படுக்கவைத்துக் கொண்டுபோகவும் கூடாது. தன் எடையிலேயே பேனல் வளைந்து விரிசல் விடக்கூடும். ஆகவே மாடிப்படிதான் வழி, மாடிப்படியில் சிக்கல் திருப்பத்தில்தான். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, திருப்பத்தின் அகலத்தையும், கைப்பிடிச் சுவரின் உயரத்தையும், உங்கள் நிலைக்கதவையும், உள்ளே நுழைந்தவுடன் ஹாலுக்குத் திரும்பும் இடத்தையும் அளந்து எழுதி, நீங்கள் தேர்ந்தெடுத்த மாடலின் பெட்டி அளவோடு ஒப்பிடுங்கள். 85 அங்குலப் பெட்டி 98 போகாத பல படிக்கட்டுகளில் போய்விடும். கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றுகிறோம் என்று சொல்பவர்களிடம், கைதவறினால் இழப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள். ஒருமுறை பேனல் உடைந்தால் அதை மாற்றும் செலவு புது டிவியின் விலையை நெருங்கும். லேம்பையும், நிறங்களைத் தரும் சுழல்தட்டான கலர் வீலையும் மாற்றி ஓட்டக்கூடிய ப்ரொஜெக்டரைப் போன்றதன்று இது.

சுவரும் அப்படியே. டிவி மட்டும் 50 முதல் 65 கிலோ. மவுண்டின் எடை தனி. நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச்சுவர், அல்லது எடை குறைந்த ஏஏசி கற்களாலான சுவர் என்றால், வழக்கமான பிளாஸ்டிக் பிளக்கும் திருகும் போதாது. ஏஏசி சுவரில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி இறுக்கும் போல்ட்) போட வேண்டும். டிவியோடு வரும் ஆள் எல்லாச் சுவருக்கும் ஒரே திருகைத்தான் கொண்டுவருவார் என்பதால், சுவர் எதனால் ஆனது என்பதைக் கட்டுநரிடம் கேட்டு முன்னதாகவே சொல்லிவையுங்கள். மேசைமேல் வைப்பதானால், கால்கள் இரு கோடிகளிலும் இருக்கும் மாடல்களுக்கு ஐந்தடி டிவி யூனிட் போதாது.

செலவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் குடும்பம் ஆண்டுக்கு 1,800 மணி நேரத்துக்கு மேல் பார்க்கிறது. அதையெல்லாம் லேம்ப் ப்ரொஜெக்டரில் பார்த்தால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு லேம்ப் ஆகும். அதற்குப் பயந்தே ப்ரொஜெக்டர் வீடுகளில் இன்னொரு சிறு டிவியும் ஓடிக்கொண்டிருக்கும். வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ப்ரொஜெக்டர்களுக்கும் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. ஆகவே முடிவை எந்தப் பக்கமும் அது சாய்க்காது. மின்சாரச் செலவிலும் பெரிய வேறுபாடு இல்லை. மின்வெட்டு வரும் ஊரில் டிவிக்கு ஒரு நன்மை உண்டு: சூடாக எரியும் லேம்ப் விசிறி சுற்றாமல் திடீரென அணைந்தால் அதன் ஆயுள் குறையும், டிவிக்கு அந்தக் கவலை இல்லை, நல்ல ஸ்டெபிலைசர் இருந்தால் போதும்.

நீங்கள் சொந்த வீட்டில் இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் 98 அங்குல டிவியை இறக்கி ஏற்றுவது பெரும் பாடு. ப்ரொஜெக்டர் ஒரு பைக்குள் அடங்கிவிடும். அதேபோல், ஜன்னல் இல்லாத அல்லது முழுதாக இருட்டாக்கக்கூடிய தனி அறையும், அடர்நிறச் சுவர்களும் உள்ளவர்களுக்கு நல்ல லேசர் ப்ரொஜெக்டரே தொடர்ந்து மேலானது. அங்கே 120 அங்குலத்துக்கு மேலும் போகலாம். எந்த டிவியாலும் அந்த விலைக்கு அதைத் தர முடியாது. சுவரோரம் வைக்கும் குறுந்தொலைவு லேசர் ப்ரொஜெக்டரை ஒரு நடுவழியாகச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். வெளிச்சத்தைத் தடுக்கும் சிறப்புத் திரையோடு சேர்த்து வாங்கும்போது அதன் செலவு பெரிய டிவியை நெருங்குகிறது, பகலில் கருமையோ டிவிக்கு எட்டாத தொலைவில் நிற்கிறது. உங்கள் ஹாலுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கண்ணுக்கு ப்ரொஜெக்டர்தான் நல்லது, டிவி கெடுதல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். சுவரில் பட்டு வரும் ஒளியும் திரையிலிருந்து நேரே வரும் ஒளியும் கண்ணுக்கு ஒளிதான். சோர்வு வருவது, இருட்டறையில் அளவுக்கு மிஞ்சிய பிரகாசத்தில் பார்ப்பதாலும், கண் இமைக்க மறப்பதாலும். இரவில் டிவியின் பிரகாசத்தைக் குறைத்து, அதன் பின்புறச் சுவரில் மெல்லிய வெண்ணிற விளக்கொன்றை எரியவிட்டால் பெரியவர்களின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கடைசியாக, பழைய ப்ரொஜெக்டரை உடனே விற்றுவிடாதீர்கள். அதற்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு. ஆனால் புதிய லேம்ப் ஒன்றைப் போட்டால், மாதத்தில் ஓரிரு இரவுகள் மட்டும் பயன்படும் நிலையில், அது பல ஆண்டுகளுக்கு வரும். உங்களுடையது சுருள்திரை என்பதால், டிவியை மாட்டிய பிறகும் அதே திரையை டிவிக்கு முன்னால் இறக்கிக்கொள்ளலாம். உறவினர்கள் கூடும் பண்டிகை இரவில், எல்லா விளக்கையும் அணைத்து, 120 அங்குலத்தில் படம் போடலாம். சாதாரண நாட்களில் திரை மேலே சுருண்டு கிடக்கும். இதற்காகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுருள்திரையின் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, மேற்கூரையில், டிவியின் முன்பரப்பைத் தாண்டி ஒரு சாண் முன்னால் மாட்ட வேண்டும். திரை முன்னால் வருவதால் படமும் சற்றுச் சிறுக்கும். ப்ரொஜெக்டரின் ஜூமைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். டிவி வந்த பிறகு அந்த இடத்தில் ஏணி போட்டுத் துளையிடுவது ஆபத்து என்பதால், மேற்கூரை வேலையை டிவி வருவதற்கு முன்பே முடித்துவையுங்கள்.